மனித உரிமைகள் ஆணைக்குழுவில் சட்ட மாணவர் பயிற்சி

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட அரச நிறுவனம். நிர்வாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் சட்டத்தரணி இல்லாமலே இங்கு முறையிடலாம். வடக்கில் அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. சட்டம் படிப்போர் இத்தகைய நிறுவனத்தில் அலுவலரின் மேற்பார்வையில் சிறிது காலம் பணி பழகுவது உள்ளகப் பயிற்சி எனப்படும். 1993இல் தொடங்கிய இந்தியத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் விடுமுறைக் காலங்களில் மாணவரைச் சேர்த்து விரிவுரை, களப்பார்வை, ஆய்வுக் குறிப்பு என்று பயிற்றுகிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகம் போன்ற பகுதிக்குப் பயன்பட வேண்டுமானால், இலங்கை ஆணைக்குழுவில் இப்பயிற்சியின் நடுவிடம் முறைப்பாடு எழுதும் மேசையாக இருக்க வேண்டும்.

காரணம் காலக்கெடு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் இட வேண்டும். அந்த மாதத்துக்குள்ளேயே ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆனால் முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே கோப்பில் எந்தத் திகதி பதிந்தது, எந்தக் கடிதம் யாருக்குப் போனது என்பதில் ஒருவரின் வழக்கே தங்கியிருக்கிறது. புளியங்கூடலில் இருந்து வருபவர் வேலணை, அல்லைப்பிட்டி கடந்து பண்ணைப் பாலத்தால் நகருக்குள் வர வேண்டும். நெடுந்தீவார் முதலில் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அதன் பிறகே பஸ் பிடிக்கிறார்கள். இப்படி வந்து சேரும் ஒருவர், சம்பவம் நடந்த நாளைக் கேட்டால் 'கொடியேற்றத்துக்கு அடுத்த கிழமை' என்பார். அதைத் திகதியாக்கி, செய்தவர் அரச அலுவலரா தனியாளா என்று பிரித்து, மருத்துவத் துண்டையும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் கேட்டு வாங்கி, அவர் சொன்ன தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவது சட்டப் பயிற்சியின் சாரம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமலே ஒப்பமிட்டதாக நெடுங்காலமாக முறையிட்டுவரும் சமூகத்தில், வாசித்துக் காட்டும் அந்த ஐந்து நிமிடம் மிகப் பெறுமதியானது.

இதற்கு வலுவான மறுப்பு இரகசியம் பற்றியது. 1985இல் குமுதினி என்ற பயணிகள் படகிலும் 2006இல் அல்லைப்பிட்டியிலும் நடந்த கொலைகளையும், 1990 முதல் காணாமற்போனவர்களின் பெயர்களையும் சுமக்கும் தீவகத்தில், இருபது வயது மாணவரிடம் எப்படி வாய்திறப்பது என்று கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. சிறிய ஊர், யார் யாருக்கு உறவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் மாணவர் தம் ஊர் முறைப்பாட்டைத் தொடக்கூடாது, தடுப்புக்காவலும் சித்திரவதையும் பற்றியவற்றை அனுபவமுள்ள அலுவலரே கேட்க வேண்டும், இரகசியம் காப்பதாக எழுத்தில் உறுதி பெற வேண்டும். இடமாற்றம், ஓய்வூதியம், பாடசாலை அனுமதி போன்ற முறைப்பாடுகளில் இந்த ஆபத்து குறைவு. பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆணைக்குழுவால் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது. அப்படியானால் அங்கே மாணவருக்கு என்ன கிடைக்கும் என்பது இன்னொரு கேள்வி. குறை உண்மைதான். அதோடு, தேசிய மனித உரிமை நிறுவனங்களின் சர்வதேசத் தரப்படுத்தலில் 2007இல் உயர்ந்த 'ஏ' நிலையை இழந்து 2018இல்தான் இந்த ஆணைக்குழு அதை மீளப்பெற்றது. ஆனாலும் பரிந்துரை ஒன்று ஏன் கிடப்பில் போகிறது, எந்தத் திணைக்களம் பதிலே எழுதுவதில்லை என்பதைக் கோப்பைப் புரட்டுபவரே அறிவார். பாடநூல் மீறலையும் பரிகாரத்தையும் அடுத்தடுத்த பக்கத்தில் வைக்கிறது; கோப்பு இடையில் கழிந்த மாதங்களைக் காட்டுகிறது.

ஊதியமற்ற பயிற்சி நகரத்து வசதிக்காரப் பிள்ளைக்கே வாய்க்கும் என்ற குறைக்கு என்னிடம் மறுப்பில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் தீவகப் பிள்ளைக்குப் பஸ் காசும் மதிய உணவும் பெரிய செலவு. அதை அரசு கொடுக்க வேண்டும். கொடுப்பதோடு, மாதத்தில் ஒரு நாளாவது அலுவலரும் பயிலுநரும் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்களில் அமர்ந்து முறைப்பாடு பெற்றால், அந்த ஒரு மாதக் கெடுவில் பயணத்தாலும் தயக்கத்தாலும் கழியும் நாட்கள் குறையும்.