பெண்பிள்ளைகளும் பேச்சு மேடையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஃபிர்அவ்னிடம் சென்று சத்தியத்தை எடுத்துரைக்குமாறு ஏவப்பட்டபோது, மூஸா (அலை) அவர்கள் படையையோ பொருளையோ கேட்கவில்லை. தம் உள்ளத்தை விசாலமாக்குமாறும், மக்கள் தம் சொல்லை விளங்கிக்கொள்ளும் வண்ணம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும் இறைவனிடம் இறைஞ்சினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்கு வேண்டினார்கள். திருமறையின் 20ஆம் அத்தியாயமும் 28ஆம் அத்தியாயமும் இதனைக் கூறுகின்றன. அந்த துஆவை நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே மனனம் செய்விக்கிறோம். ஆயினும், மகள் எட்டாம் வகுப்பையோ ஒன்பதாம் வகுப்பையோ எட்டியதும், "பேச்சுப் போட்டியெல்லாம் போதும்மா" என்று நாமே சொல்லிவிடுகிறோம். நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி கேட்கக் கற்றுக்கொடுத்த கைகளே அதனை மீண்டும் முடிந்துவிடுவது ஏன்? வரலாற்றின் துணையோடு இதனைச் சற்றே சிந்திப்போம்.

திருவண்ணாமலை மாவட்டம் கூத்தின் மண். செய்யாறு வட்டாரத்துப் புரிசை கிராமம் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றது. அவ்வூரின் கண்ணப்பத் தம்பிரான் அக்கலையை நாடறியச் செய்தவர். விடிய விடிய நடக்கும் அக்கூத்துகளில் பெண் பாத்திரங்களைப் பரம்பரையாக ஆண்களே ஏற்று வந்தனர். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையிலும், சங்கரதாஸ் சுவாமிகள் பயிற்றுவித்த பாலர் நாடகக் குழுவிலும் பெண் வேடம் ஆண்களுடையதாகவே இருந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தியது உண்டு. எனினும் மேடையேறிய பெண்ணைச் சமூகம் மதிப்போடு நோக்கவில்லை. பெண்ணின் துயரத்தைக்கூட ஆணின் குரலிலேயே கேட்டுப் பழகிய சமூகம் இது. இந்நிலையில்தான் பெண்கள் பள்ளியின் மேடை முக்கியத்துவம் பெறுகிறது. குடும்பத்தின் கண்ணியம் குலையாமல் ஒரு சிறுமி தன் சொந்தக் குரலில் பேசக்கூடிய இடமாக அது அமைந்தது.

பெண் தன் கருத்தை வாய்திறந்து சொல்வது மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று கருதுவோர் நம்மிடையே உள்ளனர். இஸ்லாமிய வரலாறு அதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. தம் கணவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வாதிட்ட கவ்லா (ரலி) அவர்களின் முறையீட்டை அல்லாஹ் செவியுற்றதாகக் கூறியே 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. "தர்க்கிப்பவள்" என்ற பொருள்படும் பெயரே அந்த அத்தியாயத்திற்கு நிலைத்துவிட்டது. அன்சாரிப் பெண்மணியான அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அவர்கள் "பெண்களின் சொற்பொழிவாளர்" என்றே வரலாற்றில் அழைக்கப்படுகிறார்கள். பெண்கள் அனைவரின் சார்பாகவும் நபியவர்களின் சபைக்கு வந்து கேள்வி எழுப்பியவர்கள் அவர்கள். அவர்கள் கேட்ட விதத்தின் அழகை நபியவர்கள் தோழர்களிடம் பாராட்டியதாக அறிவிக்கப்படுகிறது. தங்களுக்கெனத் தனியாக ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பெண்கள் கேட்டபோது நபியவர்கள் அவ்வாறே ஒதுக்கித் தந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ள ஹதீஸ்கள் மட்டும் 2,000க்கும் மேற்பட்டவை. அவர்களிடம் பாடம் கேட்டவர்களில் ஆண்களும் இருந்தனர்.

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இவை எல்லாவற்றையும்விட நம் வீடுகளுக்கு நெருக்கமானது. முன்பு மணமாகியிருந்த அவர்களை, அவர்களது விருப்பமின்றித் தந்தை மறுமணம் செய்துவைத்தார். அவர்கள் நபியவர்களிடம் சென்று முறையிட்டார்கள். அத்திருமணத்தை நபியவர்கள் செல்லாததாக்கினார்கள். ஷரீஅத் அவருக்கு உரிமையை வழங்கியிருந்தது. அவ்வுரிமையை அவர் அடைந்ததற்கு, அதனைக் கேட்கும் நா அவரிடம் இருந்தது காரணம்.

பிற்கால நூற்றாண்டுகளில் இந்தக் குரல் வீட்டின் உட்கட்டிலேயே அடங்கிப்போனது. அதனை மீட்டெடுத்தவை பெரும்பாலும் பள்ளிகளும் பத்திரிகைகளுமே. இலங்கையில் "முஸ்லிம் நேசன்" இதழை நடத்திய அறிஞர் சித்தி லெப்பை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். வங்காளத்தில் பேகம் ரொக்கையா 1911இல் 8 மாணவியருடன் கல்கத்தாவில் தம் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் நாடாளும் ஊர் ஒன்றைக் கற்பனை செய்து அவர் எழுதிய "சுல்தானாவின் கனவு" என்னும் கதை, 1905இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழொன்றில்தான் முதலில் அச்சேறியது. வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடிப் பிள்ளைகளைச் சேர்த்த அந்த அம்மையார், 1926இல் வங்காளப் பெண்கல்வி மாநாட்டிற்குத் தலைமை தாங்கி உரையாற்றினார். 1917இல் மகன்கள் முகம்மது அலியும் ஷவ்கத் அலியும் காவலில் இருந்தபோது, முதிய அன்னை "பீ அம்மா" புர்கா அணிந்தபடியே கல்கத்தாவில் அரசியல் மேடையேறிப் பேசினார். ஹிஜாப் அவரது குரலைத் தடுக்கவில்லை.

தமிழகத்தில் தாவூத் ஷா "தாருல் இஸ்லாம்" இதழின் வாயிலாகப் பெண்கல்விக்கு வாதாடினார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே. ஆயினும் அவர் எழுதிய "காதலா கடமையா" புதினம் 1938இல் உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளிவந்தது. அதே ஆண்டில் கேரளத்தின் திருவல்லாவில் ஹலீமா பீவி முஸ்லிம் பெண்கள் மாநாட்டைக் கூட்டிப் பேசினார். இவர்களில் பலருக்குக் கிடைக்காத ஒன்று இன்று திருவண்ணாமலையிலும் வந்தவாசியிலும் ஆரணியிலும் நம் மகள்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது. அதுதான் பள்ளியின் இலக்கிய மன்றமும் அதன் மேடையும்.

ஒரு பெண்கள் பள்ளியின் ஓராண்டை எண்ணிப் பாருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை ஒவ்வொருத்திக்கும் வருகிறது. ஜூலை 15 காமராசர் பிறந்தநாளில் முதற்பேச்சு. ஆகஸ்டில் சுதந்திர தினம், செப்டம்பரில் ஆசிரியர் தினம், அக்டோபரில் காந்தி ஜெயந்தி, நவம்பரில் குழந்தைகள் தினம், ஆண்டிறுதியில் ஆண்டு விழா நாடகம். 2022–23ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என விரிகிறது. ஜூனில் கை நடுங்கத் தாளைப் பார்த்து வாசித்தவள், பிப்ரவரியில் தாளின்றிப் பேசுகிறாள். இடையில் நடந்தது என்ன? எழுதிக் கொடுத்ததை மனனம் செய்தாள். பிறகு தானே எழுதினாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும், எதிர்வாதத்தைப் பொறுமையோடு கேட்டு விடை சொல்லவும் பழகினாள். நாடகமோ மற்றொருவரின் நிலையில் நின்று உலகைப் பார்க்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும், உடன் நடிப்பவள் வசனத்தை மறந்தால் தாங்கிப் பிடிக்கவும் கற்பிக்கிறது. நற்குணங்களில் இவற்றுக்கும் இடமுண்டல்லவா?

பழைய வடஆற்காட்டுப் பகுதியில் உருது பேசும் குடும்பங்கள் பல. அவ்வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இம்மேடை மற்றொரு நன்மையையும் தருகிறது. வீட்டில் வழங்காத தூய தமிழ் அவர்கள் நாவில் படிகிறது. நாளை அரசு அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் அவர்களுக்குத் தேவைப்படப்போகும் மொழி அதுவே.

பெற்றோரின் தயக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாடகம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. நபிமார்களை வேடமிட்டுக் காட்டுதல், ஆபாசமான ஆடல் பாடல், கண்ணியக் குறைவான உடை ஆகியவற்றை நாம் ஏற்க இயலாது. ஆனால் இவற்றுக்காக மகளை மேடையிலிருந்தே இறக்கிவிட வேண்டியதில்லை. தலைமையாசிரியரைச் சந்தித்துப் பேசலாம். வரதட்சணை, குடிப்பழக்கம், நீர்ச் சிக்கனம், பெண்கல்வி எனக் கருப்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஹிஜாபோடு ஏற்கத்தக்க பாத்திரத்தைக் கேட்கலாம். நடிப்பில் மனம் ஒப்பாதவர்கள் மகளைப் பேச்சுக்கும் கட்டுரைக்கும் அனுப்பலாம். நம் மீலாது விழாக்களிலும் மதரஸா ஆண்டு விழாக்களிலும் சிறுமியர் பேசக் கேட்டு மகிழ்கிறோம். பள்ளி மேடையையும் அதே கண்ணோடு காணலாம்.

1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் மகளிர் கல்லூரி நிறுவினார். 1988இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்தது. வாசல்களை முன்னோர் திறந்து வைத்துவிட்டனர். அவ்வாசலில் நுழையும் நம் மகள், பெண் பார்க்க வந்தோர் முன்னிலையில் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். தன் மஹரையும் வாரிசுரிமைப் பங்கையும் கேட்டுப் பெற வேண்டும். அநீதி நேர்ந்தால் ஜமாஅத்தார் முன் நின்று தன் வழக்கைத் தெளிவாக உரைக்க வேண்டும். அத்தகைய நாளில் நாம் அருகில் இல்லாமற் போகலாம். பள்ளியில் அவள் பழகிய சொல் அவளுடன் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பெண்மக்களின் உள்ளங்களை விசாலமாக்கி, அவர்களின் நாவுகளைச் சத்தியத்தின்பால் திறந்துவைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.