மாதர் சங்கங்களும் மூடிய கதவுகளும்

தீபாவளி நெருங்கினால் பட்டணத்து மாதர் சங்கத்தார் எங்கள் தோட்டத்திற்கு வருவது வழக்கம். அரிசியும் எண்ணெயும் சேலையும் வரிசையாக வழங்கப்படும். இரண்டொரு பிரசங்கங்கள் நிகழும். பொழுது சாய்வதற்குள் வண்டிகள் திரும்பிவிடும். உதவி பெற வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுப்பது கிராணியாகிய என் வேலை. சென்ற ஆண்டுப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு இவ்வாண்டுப் பட்டியலை எழுதினேன். இறந்துபோன ஒருவரைத் தவிர வேறு ஒரு பெயரையும் நீக்க வேண்டியிருக்கவில்லை. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பட்டியல் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மாதர் சங்கத்தின் தொண்டு எதனால் அளக்கப்பட வேண்டும்? கொடுத்த மூட்டைகளின் எண்ணிக்கையாலா, அன்றி அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிய பெயர்களாலா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய சென்னைப் பட்டணத்தின் மாதர் சங்க வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம்.

1886ஆம் ஆண்டில், ஏறக்குறைய மூன்று வார இடைவெளியில், தமிழ்நாட்டில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தை புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மற்றொன்று சுப்புலட்சுமி. முத்துலட்சுமியின் தாயார், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமுடைய குலத்தில் பிறந்தவர். சுப்புலட்சுமியோ பிராமண இஞ்சினியர் ஒருவரின் மகள். சமூகத்தின் இரு வேறு கோடிகளில் பிறந்த இவ்விருவர் முன்னும் சமூகம் கதவை அடைத்தது. ஒருத்திக்குப் பிறப்பைக் காட்டி அடைத்தது. மற்றவளுக்கு விதவைக் கோலத்தைக் காட்டி அடைத்தது.

சுப்புலட்சுமிக்குப் பதினோராம் வயதில் மணம் நடந்தது. சிறிது காலத்திற்குள் கணவன் இறந்தான். மணம் என்றால் இன்னதென்று அறியாத குழந்தையை, எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஒதுக்கிவைத்த காலம் அது. அவர் தந்தையாரோ ஊராரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளைப் படிக்க வைக்கத் துணிந்தார். வீட்டிலேயே வாழ்ந்த சிறிய தாயார் வாலாம்பாளும் பாலிய விதவையே. குழந்தைக்குப் பெருந்துணையாக நின்றவர் அவர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சுப்புலட்சுமி முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அந்த இராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே என்பர்.

பட்டம் பெற்றவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. எழும்பூரில் தம் வீட்டிலேயே நான்கு பாலிய விதவைகளை வைத்துக் கல்வி புகட்டத் தொடங்கினார். 1912இல் சாரதா மாதர் சங்கம் தோன்றியது. பெண்கள் கூடிப் பேசவும் பிரசங்கங்கள் கேட்கவும் அது முதலில் ஓர் இடம் தந்தது. அவ்வளவோடு நின்றிருந்தால் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு மன்றங்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் அச்சங்கமும் அதனோடு வளர்ந்த சாரதா இல்லமும் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டன. அக்காலத்தில் பெண் பள்ளிகளுக்கு உபாத்தியாயினிகள் கிடைப்பது அரிது. உபாத்தியாயினிகள் இல்லாமையால் பெற்றோர் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பெண்கள் பள்ளிக்கு வராமையால் உபாத்தியாயினிகள் உருவாகவில்லை. இந்தச் சுழலை உடைக்க, சமூகம் வேண்டாமென்று ஒதுக்கிய பாலிய விதவைகளே தக்கவர்கள் என்று சுப்புலட்சுமி கண்டார். பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராயிருந்த மிஸ் லிஞ்ச் அம்மையாரும் அவ்வாறே எண்ணி, அரசாங்கத்தின் ஆதரவைப் பெற்றுத் தந்தார். பின்னர் விடுதி திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டதும், 1897இல் விவேகானந்தர் தங்கியதுமான கட்டடம் அது. 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைவியாகச் சுப்புலட்சுமி அமர்ந்தார். 1927இல் சாரதா மாதர் சங்கம் சாரதா வித்தியாலயத்தை நிறுவியது. வீட்டின் மூலையில் கிடந்த விதவை, வகுப்பறையில் பிறர் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தாள். உதவி பெற்றவள் உதவி செய்பவள் ஆனாள். அந்தச் சங்கத்தின் வெற்றி இதுவே.

ஆயினும் சீர்திருத்தக்காரராகிய நாம் ஒன்றைக் கேளாமல் இருக்க இயலாது. அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கென்றே தொடங்கப்பட்டது. கைம்மையின் கொடுமை ஒரு சாதியாரோடு நின்றதா? அக்குலத்தில்தான் மறுமணத்தடை மிகக் கடுமையாயிருந்தது என்றும், பிற சாதியாரோடு உண்ண வேண்டுமெனில் பெற்றோர் பெண்களை அனுப்பவே மாட்டார்கள் என்றும் சமாதானம் சொல்வதுண்டு. அச்சமாதானத்தில் உண்மை உண்டு. ஆனால் அது முழு நியாயமாகாது. வேலியை உடைக்க வந்தவர்கள் மற்றொரு வேலிக்குள் நின்றே உடைத்தார்கள் என்பதை மறைப்பது வரலாறாகாது. மறுமணத்தையும் அந்த இல்லம் தன் கொள்கையாக உயர்த்திப் பிடிக்கவில்லை. கல்வியையே பற்றி நின்றது. 1856ஆம் ஆண்டிலேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டிருந்தும் நிலைமை இதுதான். ஆனால் சுப்புலட்சுமியின் தொண்டு அவ்வேலிக்குள்ளேயே முடிந்துவிடவில்லை என்பதையும் நேர்மையுடன் கூற வேண்டும். ஐஸ் ஹவுசுக்கு அருகிலிருந்த குப்பத்து மீனவர் குழந்தைகளுக்கும் அவர் பள்ளி ஏற்படுத்தினார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி தொடங்கினார். மயிலாப்பூர் மாதர் சங்கத்தார் வித்யா மந்திர் பள்ளியை நிறுவியபோதும் துணைநின்றார். வட்டம் மெல்ல மெல்லத்தான் விரிந்தது, விரியாமல் நின்றுவிடவில்லை.

விரிந்த வட்டத்திற்கும் வெளியே நின்றவர்களின் கதை மற்றவரான முத்துலட்சுமியின் கதையாகும். 1912இல், சாரதா மாதர் சங்கம் தோன்றிய அதே ஆண்டில், அவர் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னிபெசண்டு அம்மையார் அதன் தலைவி. மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் அதன் தூண்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று அவ்வாண்டே இந்திய மாதர் தூதுக்குழு மாண்டேகு மந்திரியைச் சென்னையில் கண்டு கேட்டது. 1921இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. பின்னாளில் இச்சங்கத்தை நடத்தியவர்களில் முதன்மையானவர் முத்துலட்சுமி. அவர் சட்டசபையில் நுழைந்து பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியபோது, அவ்வாழ்வை வேண்டாமென்று உதறிய சில பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றனர். மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. படித்தவர்கள் நடத்திய விடுதிகள்தாம் அவை! முத்துலட்சுமி தம் வீட்டுக் கதவைத் திறந்தார். 1930இல் தோன்றிய ஔவை இல்லத்தின் தொடக்கம் அது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னையில் 1947இல்தான் நிறைவேறியது. சட்டம் வருவதற்கு முன்பே சோறும் படிப்பும் உறைவிடமும் ஆயத்தமாயிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியைக் கொண்டு 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். மாதர் சங்கம் ஒன்று தொடங்கிய நிதி எத்துணை நோயாளருக்கு வழிகாட்டிற்று என்பதைத் தமிழர் அறிவர்.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கம் வேரூன்றியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய மாநாடு, விதவை மறுமணத்தையும் பெண்களுக்குச் சம சொத்துரிமையையும் வலியுறுத்தியது. அவ்வாண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து அதே கருத்துகளை நம் முன்னோரிடையே பேசினார். மாதர் சங்கங்கள் இல்லந்தோறும் கதவைத் தட்டின. இயக்கமோ கதவை அடைக்கச் சொன்ன சாத்திரத்தையே தட்டிற்று. இரண்டும் ஒன்றையொன்று குறை கூறியதுண்டு. ஆனால் தங்க இடமின்றி ஒரு பெண் வாசலில் நிற்கும்போது தீர்மானம் மட்டும் அவளுக்குப் போதாது. தங்க இடம் மட்டும் கிடைத்து, அவளை வெளியே நிறுத்திய வழக்கம் அப்படியே இருந்தால், அடுத்த நாள் மற்றொருத்தி வந்து நிற்பாள். இரண்டும் வேண்டும்.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். தீபாவளிக்கு அரிசி கொடுப்பது தவறன்று. பசித்தவனுக்கு உபதேசம் உணவாகாது. ஆனால் அரிசி கொடுத்த கை, படிப்பும் தொழிலும் கொடுக்க நீள வேண்டும். கணவனை இழந்த தோட்டத்துப் பெண்ணுக்குத் தையலோ கணக்கோ கற்றுத்தந்து, அவளைக்கொண்டே மற்றவர்களுக்குக் கற்பிக்கச் செய்யலாம். சங்கத்தின் நிருவாகக் குழுவில் பட்டணத்து அம்மையாரோடு பால்வெட்டும் சகோதரி ஒருத்தியும் சரிசமமாக அமரலாம். எவரும் பெயர் சொல்லக் கூசும் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றால் கதவு திறக்குமா என்பதை ஒவ்வொரு சங்கமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த தீபாவளிக்கும் பட்டியல் எழுதும் வேலை என்னிடமே வரும். அதில் ஒரு பெயரையேனும் அடித்துவிட்டு, அதே பெயரைக் கொடுப்பவர்களின் பட்டியலில் எழுதும் நாள் வரவேண்டும். அந்நாளில் நம் மாதர் சங்கமும் வரலாற்றில் இடம்பெறும்.