கணினி பாடும்போது மெய்யெழுத்து எங்கே போகிறது?

மண்டைக்காட்டில் மாசிக் கொடை நடக்கும்போது ஸ்பீக்கர் பாட்டைக் கடற்கரையில் நின்று கேட்டுப் பாருங்கள். ராகம் வந்து சேரும், வார்த்தை வராது. அலைச்சத்தம் முதலில் விழுங்குவது மெய்யெழுத்துகளைத்தான். கணினியில் சேர்ந்திசைக் குரல் உண்டாக்கும் மென்பொருள்களுக்கும் இதே வியாதி. 'ஆ', 'ஊ' எல்லாம் தேவகானம். க, ச, ட வந்தால் குழறல்.

வியாதிக்கு வயது இருநூறுக்கு மேல். வொல்ஃப்காங் ஃபான் கெம்பெலன் என்பவர் துருத்தி, ஒரு ரீடு, வாய்க்குப் பதில் ஒரு புனல் வைத்துப் பேசும் பொறி செய்தார். 1791-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். (சதுரங்க பொம்மைக்குள் ஆளை ஒளித்து வைத்து ஊரை ஏமாற்றியவரும் இவரே! இந்தப் பொறியில் ஏமாற்று இல்லை.) உயிரொலிகள் ஓரளவு வந்தன. நாக்கும் பல்லும் இல்லாததால் க, த வரவில்லை. ப-வை வைத்தே சமாளித்தார். 1939-ல் நியூயார்க் கண்காட்சியில் பெல் நிறுவனம் காட்டிய 'வோடர்' இயந்திரத்தில் வல்லொலிகளுக்கென்றே மூன்று கட்டைகள் தனியாக இருந்தன. 1961-ல் பெல் ஆய்வகத்தில் கணினியே பாடிவிட்டது.

மெய் மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது? பதில் நம் இலக்கணத்தில் இருக்கிறது. மெய்க்கு அரை மாத்திரைதான் என்கிறது தொல்காப்பியம். ஒற்றளபெடையில் நீளக்கூடிய மெய்கள் என்று நன்னூல் சொல்லும் பட்டியலில் வல்லினம் ஆறும் கிடையாது. 'ம்' என்று இழுக்கலாம், 'ட்' என்று இழுக்க முடியுமா? உயிரொலியைப் பதிவு செய்து எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். வல்லினத்தில் நீட்ட ஒன்றுமே இல்லை. கொஞ்சம் மௌனம், ஒரு வெடிப்பு, அவ்வளவுதான்.

2004-ல் வந்த வோகலாய்டு, ஒலிகளைத் தனித்தனியாக வெட்டாமல், ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்கு நாக்கு நகரும் இணைப்பையே பதிவு செய்து ஒட்டியது. நம் காது மெய்யைப் பெரும்பாலும் அந்த நகர்வில்தான் அடையாளம் காண்கிறது. சேர்ந்திசையில் இன்னொரு சிக்கல் உண்டு. தாளம் விழும் இடத்தில் உயிர் நிற்க வேண்டும். மெய் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட வேண்டும். நல்ல பாடகர்குழுக்கள் இதைப் பழகியே செய்கின்றன. வோகலாய்டு இந்த நகர்த்தலைத் தானே செய்துகொள்கிறது.

தமிழுக்கு இதுவும் போதாது. கடல், அகம், தங்கம் மூன்றிலும் எழுத்து ஒரே க, ஒலி மூன்று. ஆகவே எழுத்தைப் பார்த்து அல்ல, காதால் கேட்டுத்தான் ஒலிக்குறி கொடுக்க வேண்டும். 'பக்கம்' என்று பாட வைக்க வேண்டுமா? முதல் ஸ்வரத்தின் வாலைக் கொஞ்சம் வெட்டி இடைவெளி விடுங்கள். அந்த 'க்' பெரும்பாலும் அந்த இடைவெளிதான்.