விளம்பரமும் மொழியும்: வேல்ஸ் மேற்கு வடக்குத் தொலைக்காட்சி நிறுவனத்தின் வரலாறு

ஒரு மொழி நிலைபெற்று வாழ்வதற்கு அதனைப் பேசுவோர் தொகை மட்டும் போதுமா, அன்றி அக்காலத்துச் செய்திக் கருவிகளிலும் அம்மொழி இடம்பெறுதல் வேண்டுமா என்னும் வினா, மொழி வரலாறு ஆராய்வார் பலர்க்கும் எழுந்ததொன்றாகும். அச்சுப்பொறி தோன்றிய காலத்தில் அச்சேறிய மொழிகள் வலிமை பெற்றன, அச்சேறாதவை மெலிந்தன. இருபதாம் நூற்றாண்டில் வானொலியும் அதன்பின் தொலைக்காட்சியும் அத்தகையதொரு சோதனையை மொழிகளின்முன் வைத்தன. தொலைக்காட்சியோ பெரும்பொருள் வேண்டுவது. அப்பொருளை விளம்பரத்தினின்று பெறுமிடத்துச் சிறுபான்மையோர் மொழியொன்று தாங்கி நிற்குமா? இவ்வினாவிற்கு விடை காணப் பிரித்தானியாவின் ஒரு பகுதியாகிய வேல்ஸ் நாட்டில் 1962-இல் தோன்றி, ஈராண்டும் நிரம்பாமுன் மறைந்த வட்டாரத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றன் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வட்டார முறையின் அமைப்பு

பிரித்தானியாவில் தொலைக்காட்சி முதற்கண் பி.பி.சி. என்னும் பொது நிறுவனத்தின் தனியுரிமையாகவே இருந்தது. 1954-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிச் சட்டம் அவ்வுரிமையை நீக்கி, விளம்பர வருவாயால் நடைபெறும் இரண்டாம் அமைப்பிற்கு வழிவகுத்தது. 1955 செப்டம்பர் 22-ஆம் நாள் இலண்டனில் அதன் ஒளிபரப்புத் தொடங்கியது. இவ்வமைப்பு ஒரே நிறுவனமன்று. நாடு பல வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தனித்தனிக் குழுமங்கள் அமர்த்தப்பட்டன. ஒளிபரப்புக் கோபுரங்களைச் சுயேச்சைத் தொலைக்காட்சி ஆணையம் கட்டி உடைமையாக வைத்திருந்தது. குழுமங்கள் அவற்றிற்கு வாடகை செலுத்தி, தத்தம் வட்டாரத்தில் விளம்பரம் விற்று வாழ்ந்தன. விளம்பரம் செய்வோர் நிகழ்ச்சிகளை நடத்துதல் கூடாது. நிகழ்ச்சிகளின் இடையிடையே உள்ள நேரத்தை மட்டுமே விலைக்குப் பெறலாம் என்பது சட்டத்தின் கட்டளை. பெரிய குழுமங்கள் ஆக்கிய நிகழ்ச்சிகளைச் சிறியவை விலைகொடுத்துப் பெற்று ஒளிபரப்பின.

இம்முறையில் ஒரு குழுமத்தின் செல்வம் அதன் கோபுரங்களின் அலை எத்துணை இல்லங்களை எட்டும் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் நெருங்கிய வடபகுதியில் 1956 மே மாதம் தொடங்கிய கிரனாடா போன்ற குழுமங்கள் விரைவிற் செழித்தன. இவ்வடிப்படையை மனத்திற் கொண்டாலன்றி வேல்ஸில் நிகழ்ந்தது விளங்காது.

வேல்ஸின் நிலை

வேல்ஸ் மொழி கெல்டிக் இனத்தைச் சார்ந்த தொன்மொழி. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு மேற்பட்ட இலக்கிய மரபினை உடையது எனக் கருதப்பெறுவது. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வேல்ஸ் மக்களுள் நூற்றுக்கு 43.5 பேர் அம்மொழி பேசினர். 1951-இல் அவ்வீதம் 28.9 ஆகவும், 1961-இல் 26 ஆகவும் குறைந்தது. மொழி செறிந்து வழங்கிய இடங்கள் மலையும் பண்ணை நிலமும் மிக்க மேற்கும் வடமேற்கும் ஆகும். மக்கள் செறிந்த தென்கிழக்குத் தொழிற்பகுதியில் ஆங்கிலமே ஓங்கியிருந்தது. மக்கள் நெருங்கிய இடத்தில் மொழி அருகியும், மொழி நெருங்கிய இடத்தில் மக்கள் அருகியும் இருந்த இம்முரண்பாடே நாம் ஆராயும் வரலாற்றின் வேர் எனலாம்.

1958 சனவரி 14-ஆம் நாள் தென்வேல்ஸிற்கும் மேற்கு இங்கிலாந்திற்கும் பொதுவாக டி.டபிள்யூ.டபிள்யூ. என்னும் குழுமம் ஒளிபரப்பைத் தொடங்கியது. புனித ஹிலரி என்னும் இடத்துக் கோபுரம் கடற்கால் ஒன்றன் இருமருங்கும் அலை பரப்பியமையால், கார்டிஃப் நகரத்தாரும் பிரிஸ்டல் நகரத்தாரும் ஒரே நிகழ்ச்சியைக் காண நேர்ந்தது. வேல்ஸ் மொழி நிகழ்ச்சி ஒன்று வருங்கால் அம்மொழியை அறவே அறியாத இங்கிலாந்து மக்களும் அதனையே காணவேண்டியவராயினர். ஆதலின் அத்தகைய நிகழ்ச்சிகள் பார்ப்போர் மிகாத நேரங்களில் வைக்கப்பட்டன. வடக்கில் கிரனாடாவின் அலை வேல்ஸின் வடகரையை எட்டியது. அக்குழுமமும் 1957 முதல் வேல்ஸ் மொழி நிகழ்ச்சி நடத்தியது. எனினும் வேல்ஸ் நாட்டிற்கென்றே அமைந்த வணிகத் தொலைக்காட்சி இல்லை என்னும் குறை நீடித்தது.

நிறுவனத்தின் தோற்றம்

இக்குறையை நீக்க முயன்றோருள் தலையாயவர் பிளிண்ட்ஷயர் மாவட்டக் கல்வி இயக்குநராக விளங்கிய ஹேடன் வில்லியம்ஸ் ஆவார். 1959-இல் கார்டிஃபில் கூடிய மாநாடொன்று வேல்ஸிற்குத் தனித் தொலைக்காட்சி வேண்டும் என வலியுறுத்தியது. மேற்கும் வடக்கும் ஆகிய பகுதிகட்குப் புதிய உரிமம் வழங்கப்பட்டபோது, அவர் தலைமையில் அமைந்த குழுமமே அதனைப் பெற்றது. 'வேல்ஸ் மேற்கு வடக்குத் தொலைக்காட்சி' என்பது அதன் சட்டப் பெயர். மக்களிடையே வழங்கிய பெயர் 'தெலெடி கும்ரி' என்பது. 'வேல்ஸின் தொலைக்காட்சி' என்பது அதன் பொருள். ஏனைய குழுமங்களைச் செல்வரும் திரையரங்க உரிமையாளரும் செய்தித்தாள் முதலாளிகளும் தோற்றுவிக்க, இதனைத் தோற்றுவித்தோருள் கல்வியாளரும் மொழிப்பற்றாளரும் மிக்கிருந்தமை குறிக்கத்தக்கது.

அவ்வாண்டு வேல்ஸ் மொழி வரலாற்றில் மறக்கவொண்ணாதது. 1962 பிப்ரவரி 13-ஆம் நாள் நாடகாசிரியரும் திறனாய்வாளருமாகிய சாண்டர்ஸ் லூயிஸ் 'மொழியின் ஊழ்' என்னும் பொருளுடைய தலைப்பில் வானொலிப் பேருரை ஆற்றினார். அவ்வுரையின் விளைவாக அவ்வாண்டே வேல்ஸ் மொழிக் கழகம் தோன்றியது. செப்டம்பர் 14-ஆம் நாள் பிரெசெலி மலைக் கோபுரத்தினின்று தெலெடி கும்ரி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. நவம்பரில் வடமேற்கிலுள்ள ஆர்வன் கோபுரமும், 1963 சனவரியில் வடகிழக்கிலுள்ள மோயல்-எ-பார்க் கோபுரமும் அதனுடன் சேர்ந்தன.

வீழ்ச்சியின் காரணங்கள்

தொடங்கிய சில திங்களுக்குள்ளேயே குழுமம் பெரும்பொருள் இழந்தது. 1963 மே மாதத்தில் தன் சொந்த நிகழ்ச்சி ஆக்கத்தை மிகக் குறைத்துக்கொள்ள முடிவு செய்தது. ஆணையமும் பிற குழுமங்களும் உதவி செய்தும் அது தலையெடுக்கவில்லை. 1964 சனவரியில் டி.டபிள்யூ.டபிள்யூ. குழுமம் அதனை ஏற்றுக்கொண்டது. பிரித்தானிய வட்டாரத் தொலைக்காட்சிக் குழுமங்களுள் பொருள்முடையால் வீழ்ந்தது இஃதொன்றே எனக் கூறுவர்.

இவ்வீழ்ச்சியினின்று, வேல்ஸ் மொழி நிகழ்ச்சிகளைக் காண்பார் இலர் என்னும் முடிவைச் சிலர் எளிதிற் கொள்ளக்கூடும். அம்முடிவு பொருந்துமா என்பதைக் காரணங்களைப் பகுத்துக் காண்போம்.

முதலாவது நிலவமைப்பு. மலைகளும் பள்ளத்தாக்குகளும் அலைகளைத் தடுத்தன. கோபுரம் மூன்று நிறுவியும், அவை எட்டிய இல்லங்களின் தொகை இங்கிலாந்தின் ஒரு கோபுரம் எட்டியதனினும் மிகச் சிறிது. செலவு நிலத்தின் பரப்பை ஒட்டி மிகுந்தது; வருவாயோ தலைத்தொகையை ஒட்டிக் குறைந்தது.

இரண்டாவது எல்லை மயக்கம். கிழக்கிலும் வடகிழக்கிலும் வாழ்ந்தோர் முன்னரே கிரனாடா முதலிய குழுமங்களின் நிகழ்ச்சிகளைக் கண்டு பழகியிருந்தனர். புதிய அலைவரிசைக்காக ஏரியலைத் திருப்பியமைக்க அவர்கட்குத் தூண்டுதல் யாது? மேலும் குழுமத்தின் நிகழ்ச்சியகம் அமைந்த கார்டிஃப் நகரம் அதன் ஒளிபரப்பு எல்லைக்குள்ளேயே இல்லை; அது டி.டபிள்யூ.டபிள்யூ. குழுமத்தின் வட்டாரத்தைச் சார்ந்தது. தன்னைக் காணவியலாத நகரிலிருந்து நிகழ்ச்சி ஆக்கிய குழுமம் என இதனைக் கூறலாம்.

மூன்றாவது காலம். குழுமம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது மூன்று கோபுரங்களுள் ஒன்றே இயங்கியது. மக்கள் தொகையால் மிகுதியும் பயன்தரத்தக்க வடகிழக்குக் கோபுரம் நான்கு திங்கள் கழித்தே வந்தது. முழு எல்லையும் கைவந்த நான்கே திங்களில் குழுமம் தன் ஆக்கத்தைக் குறைக்க நேர்ந்தது. எனவே மக்கள் வேல்ஸ் மொழி நிகழ்ச்சிகளை விரும்புவரா வெறுப்பரா என்பது உள்ளபடி சோதிக்கப்படவே இல்லை என்பது எம் கருத்து.

இம்மூன்றும் மொழிக்குப் புறம்பானவை. மொழியைச் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஒரே அலைவரிசையில் இருமொழியும் வழங்குமிடத்து, வேல்ஸ் மொழி வருங்கால் ஆங்கிலமே அறிந்த பெரும்பான்மையோர் முணுமுணுத்தனர். இங்கிலாந்துக் கோபுரங்களை நாடினர். விளம்பரம் செய்வோர் தலைகளை எண்ணுவரேயன்றி மொழிகளை எண்ணார். ஆங்கிலம் மட்டுமே அறிந்த பெரும்பான்மையோர்பாலும் தம் பண்டத்தை விளம்பரப்படுத்த விழைவார்க்கு, அவர்கள் நீங்கிச் செல்லும் அம்மொழி நிகழ்ச்சி இழப்பாகவே தோன்றிற்று. அம்மொழி மட்டுமே அறிந்தார் மிகச் சிலரே ஆதலின், ஆங்கில நிகழ்ச்சி வாயிலாகவும் வேல்ஸ் மொழியாளரை எட்டலாம் என்பது அவர்தம் கணக்கு. இருமொழி அறிந்த மக்களின் தாய்மொழிக்குச் சந்தையில் நேரும் இடர் இதுவேயாகும்.

வீழ்ச்சிக்குப் பின்

தெலெடி கும்ரி என்னும் பெயர் உடன் மறையவில்லை. டி.டபிள்யூ.டபிள்யூ. குழுமம் வேல்ஸிற்கான தன் பணிக்கு அப்பெயரையே வைத்துக்கொண்டது. 1965-இல் புனித ஹிலரியில் புதிய அலைவரிசை ஒன்று அமைந்தபின், தென்வேல்ஸ் மக்கள் மேற்கு இங்கிலாந்தினின்று பிரிந்து தமக்குரிய நிகழ்ச்சிகளைக் காண இயன்றது. 1964-இல் பி.பி.சி.யும் வேல்ஸிற்கெனத் தனி ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. 1968-இல் டி.டபிள்யூ.டபிள்யூ. உரிமம் இழந்து ஹார்லெக் குழுமம் அவ்விடம் பெற்றது. ஆயினும் ஓர் அலைவரிசையில் இருமொழி என்னும் பூசல் தீரவில்லை.

மொழியாளர் நான்காம் அலைவரிசையை வேல்ஸ் மொழிக்கே ஒதுக்கவேண்டும் எனக் கோரினர். 1974-இல் கிராஃபர்ட் குழுவும் 1977-இல் ஆனன் குழுவும் அதனை ஏற்றுப் பரிந்துரைத்தன. 1979-இல் பொறுப்பேற்ற கன்சர்வேட்டிவ் அரசு தேர்தலில் அளித்த அவ்வாக்கினைக் கைவிட்டது. அதனை எதிர்த்துப் பலர் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்த மறுத்தனர். கல்வித்துறை சார்ந்த அறிஞர் மூவர் பென்காரெக் என்னுமிடத்து ஒளிபரப்புக் கோபுரத்தை நிறுத்திவைத்துத் தண்டனை ஏற்றனர். 1980 மே மாதத்தில் வேல்ஸ் தேசியக் கட்சியைச் சார்ந்த குவின்வர் எவான்ஸ், அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாநோன்பு மேற்கொள்வதாக அறிவித்தார். செப்டம்பர் 17-ஆம் நாள் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1982 நவம்பர் 1-ஆம் நாள் எஸ்.4.சி. என்னும் வேல்ஸ் மொழி அலைவரிசை பிறந்தது.

இவ்வலைவரிசையின் பொருள்நிலை நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. தொடக்கத்தில் வணிகத் தொலைக்காட்சிக் குழுமங்கள் அனைத்தும் செலுத்திய தொகையினின்று அது நடத்தப்பட்டது. அஃதாவது பிரித்தானியா முழுவதன் விளம்பர வருவாயில் ஒரு பங்கு வேல்ஸ் மொழிக்கு ஒதுக்கப்பட்டது. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அரசின் கருவூலம் அதனைத் தாங்கியது. 2013 முதல் பி.பி.சி.யின் உரிமக் கட்டணம் பெரும்பங்கு அளித்தது. 2022 முதல் பொதுநிதி முழுவதும் அக்கட்டணத்தினின்றே வந்தது. எக்காலத்தும் வேல்ஸ் மொழி நிகழ்ச்சிகளின் விளம்பரம் மட்டுமே அதனைத் தாங்கியதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. தெலெடி கும்ரி வீழ்ந்தது, அம்மொழியைக் கேட்பார் இன்மையால் அன்று. நிலத்தின் அளவையால் பொருளீட்டுமாறு அமைந்த முறையொன்றன்மேல் மொழிக்கடன் சுமத்தப்பட்டமையால் ஆகும். அச்சுமையை நாடு முழுதும் பகிர்ந்துகொண்டபோது அதே மொழி தன் அலைவரிசையைப் பெற்று நின்றது.

எனினும் அலைவரிசை ஒன்றே மொழியைக் காத்துவிடும் எனக் கொள்ளுதல் தவறு. 1981-இல் 18.9 ஆக இருந்த வேல்ஸ் மொழியாளர் வீதம் 2001-இல் 20.8 ஆக உயர்ந்தது, 2021-இல் 17.8 ஆகக் குறைந்தது. உயர்விற்குப் பள்ளிக் கல்வியே பெருங்காரணம் என்பர். தாழ்விற்கு இல்லமும் தொழிலும் இடப்பெயர்ச்சியும் காரணங்களாகலாம். தொலைக்காட்சி மொழிக்கு உயிரன்று; ஆயின் அம்மொழி இக்காலத்திற்கும் உரியது என்பதைச் சிறார்க்கு நாடோறும் காட்டும் சான்று. அச்சான்றினை விளம்பரதாரர் கணக்கேட்டில் மட்டும் விட்டுவைத்த நாட்டில் என்ன நிகழும் என்பதற்குப் பிரெசெலி மலைக் கோபுரத்தின் கதை எடுத்துக்காட்டாகும். மொழியின் வாழ்வும் பொருளியலும் இயையுமிடத்தை ஆராய விழையும் மாணவர்க்கு இஃது ஒரு தோற்றுவாயாக அமையுமாயின் எம் முயற்சி பயனுடைத்தாகும்.