ஏற்றிய மின்சாரம் எங்கே போகிறது?

இரவு நன்றாக ஓடி வந்து நின்ற கார், காலையில் கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற ஒலி மட்டுமே கேட்கிறது. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் ஏற்றி மாட்டுகிறோம். இரண்டு நாள் ஓடுகிறது. மூன்றாம் நாள் பழைய கதைதான். "பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை, மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவழித்துப் புதிது வாங்குகிறோம். சில வேளைகளில் அந்தப் புதிய பேட்டரியும் ஒரே வாரத்தில் இறங்கிவிடுகிறது!

ஏன் இப்படி? வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தொட்டி காலியாக இருந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். தொட்டியே பழுதாகியிருக்கலாம், பம்பு நீரை ஒழுங்காக ஏற்றாமல் இருக்கலாம், எங்கோ ஒரு குழாய் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கலாம். கார் பேட்டரிக்கும் இந்த மூன்று நோய்களே உண்டு. எது என்று தெரியாமல் தொட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை. பேட்டரியின் வரலாற்றைப் பார்த்தால், இம்மூன்று நோய்களும் எங்கே, எப்படித் தோன்றின என்பது விளங்கும்.

பிளான்ட்டேயின் காரீயச் சுருள்

1859இல் பிரெஞ்சு இயற்பியலார் காஸ்டன் பிளான்ட்டே இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். அவற்றின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டு, பின்னர் மூலத்தை நீக்கியபோது, அந்தச் சுருளே மின்னோட்டத்தைத் திருப்பித் தந்தது. தீர்ந்தால் எறிய வேண்டியதில்லை, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். சேமக்கலம் பிறந்தது இவ்வாறே.

ஆனால் தகடுகளைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பக்குவப்படுத்த மாதக்கணக்கில் ஆயிற்று. 1881இல் கமில் ஃபோர் ஒரு சுருக்கு வழி கண்டார். காரீய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டின் மேல் பூசினார். கொள்ளளவு மிகவும் கூடியது. அதே ஆண்டு ஃபோரின் கலங்கள் ஏற்றப்பட்ட நிலையில் பாரிசிலிருந்து கிளாஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் அவற்றைத் தம் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். அந்தப் பெட்டியில் இருந்தது ஏறத்தாழ பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல். அதாவது சுமார் 13.5 லட்சம் ஜூல். இன்றைய 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 19.4 லட்சம் ஜூல். ஓர் ஊரில் ஏற்றிய மின்சாரம் கடல் கடந்து இன்னோர் ஊர் வரை நின்றது என்பதே அன்று பெருவியப்பு.

தொட்டியின் நோய்

பேட்டரிக்குள் நடப்பது என்ன? கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு வேதியியலார் 1882இல் இதை விளக்கினர். ஏற்றிய நிலையில் நேர்த்தகட்டில் காரீய டையாக்சைடும், எதிர்த்தகட்டில் கடற்பஞ்சு போன்ற காரீயமும் உள்ளன. மின்சாரத்தை எடுக்க எடுக்க, இரண்டுமே காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றும்போது எல்லாம் திரும்ப நடக்கிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, அமிலத்தின் ஒப்படர்த்தியே பேட்டரியின் கணக்குப் புத்தகம். முழுதும் ஏறிய பேட்டரியில் அது சுமார் 1.26 முதல் 1.28 வரை இருக்கும். முற்றிலும் இறங்கினால் 1.12 அளவுக்குக் குறையும். இரண்டாவது, இறங்கிய பேட்டரியை அப்படியே நாள்கணக்கில் விட்டுவைத்தால், நுண்ணிய சல்பேட் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடுகின்றன. பிறகு அவை எளிதில் திரும்பி மாறுவதில்லை. தகட்டின் அந்தப் பகுதி பயனற்றுப் போகிறது. அடிக்கடி இறங்கிய பேட்டரி நாளடைவில் கெடுவது இதனால்தான்.

ஃபோரின் பசையும் ஒரு குறையைக் கொண்டுவந்தது, அது உதிரும். பசையைப் பிடித்துக்கொள்ளக் காரீயச் சட்டங்களும், அவற்றை உறுதியாக்க ஆன்டிமனியும் வந்தன. ஆயினும் உதிர்ந்த தூள் அடியில் சேர்ந்து, தகடுகளின் கீழ்முனைகளை இணைத்துவிட்டால் அந்த அறை தானே இறங்கிவிடும். ஆன்டிமனியும் மெல்ல எதிர்த்தகட்டில் படிந்து, பேட்டரி சும்மா இருக்கும்போதே இறங்கத் துணைபோகிறது. வெப்பநிலை 10 பாகை உயரும்போது இந்தத் தன்னிறக்கம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. 1935இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹேரிங், தாமஸ் ஆகிய இருவர் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்த காரீயத்தை உருவாக்கினர். நீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிகள் பின்னாளில் வர இதுவே வழி வகுத்தது.

கெட்டரிங்கின் வட்டம்

தொடக்கத்தில் பெட்ரோல் காருக்குப் பெரிய பேட்டரி தேவைப்படவில்லை. இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். அது திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர். அமெரிக்காவின் டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் இதற்கு ஒரு முடிவு கட்டினார். கடைகளில் பணம் பெறும் எந்திரத்துக்கு முன்பே மின்மோட்டார் பொருத்தியவர் அவர். சில நொடிகள் மட்டுமே ஓட வேண்டிய மோட்டார் சிறியதாக இருந்தாலும், மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை அங்கே கண்டிருந்தார். அவருடைய தற்கிளப்பி 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. கிளப்பிய அதே எந்திரம், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைனமோவாகிப் பேட்டரியை மீண்டும் ஏற்றியது. எடுப்பதும் கொடுப்பதும் ஒரு வட்டமாயின.

இந்த வட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 200 ஆம்பியர் 3 நொடிகளுக்கு எடுத்தால் 600 கூலும். அதாவது ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். 10 ஆம்பியர் வீதம் திருப்பிக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கடன் தீர்ந்துவிடும். ஆகவே ஆரோக்கியமான காரில் பேட்டரி எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுப்பதில் தவறு நேர்ந்தால்? டைனமோ மெதுவாகச் சுழலும்போது அதன் மின்னழுத்தம் பேட்டரியைவிடக் குறையும். மின்னோட்டம் பின்னோக்கிப் பாயும். இதைத் தடுக்க 'கட்-அவுட்' என்னும் தானியங்கி இணைப்பி வைத்தார்கள். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் பேட்டரி இரவோடிரவாக டைனமோ வழியே இறங்கிவிடும்! 1960இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியன்ட் காரில் சிலிக்கன் டையோடுகளுடன் ஆல்ட்டர்னேட்டர் வந்தது. ஒருவழிப் பாதையான டையோடே கட்-அவுட்டின் வேலையைச் செய்தது. ஆனால் ஒரு டையோடு பழுதானால் அதே பழைய நோய் புதிய வடிவில் வரும். எஞ்சின் நின்று பல மணி நேரம் ஆன பின்பும் ஆல்ட்டர்னேட்டர் இளஞ்சூடாக இருந்தால், அங்கே ஐயப்படலாம்.

சொட்டும் குழாய்

பழைய கார்களில் சாவியை அணைத்தால் ஏறக்குறைய எல்லாமே அணைந்தன. மின்னணுக் கருவிகள் பெருகிய பின் கடிகாரம், கணிப்பொறி, திருட்டு எச்சரிக்கை மணி போன்றவை இரவிலும் விழித்திருக்கின்றன. இவை எடுப்பது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். ஆனால் பின்பெட்டிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு 0.4 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். நான்கைந்து நாளில் பேட்டரி காலி! மூடிய பெட்டிக்குள் எரியும் விளக்கை யார் பார்ப்பது?

நோயறியும் முறை

இனி மூன்று சோதனைகள். தேவை ஒரு மல்ட்டிமீட்டரும், மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால் ஒரு ஹைட்ரோமீட்டரும்.

முதலில் இணைப்பு முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பூப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே, 200 ஆம்பியரில் 2 வோல்ட் வீணாகும். ஓம் விதியை மறக்க வேண்டாம்.

அடுத்து, தொட்டி. பேட்டரியை முழுதும் ஏற்றி, இணைப்பை நீக்கி, ஓர் இரவு விட்டு அளவிடுங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறையாதிருந்தால் நன்று, 12.2 என்றால் பாதிதான். ஆறு அறைகளில் ஒன்றில் மட்டும் ஒப்படர்த்தி மற்றவற்றைவிட 0.05 குறைந்திருந்தால் அந்த அறை கெட்டுவிட்டது. எஞ்சினைக் கிளப்பும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தாலும் பேட்டரி தளர்ந்துவிட்டது எனலாம்.

பிறகு, பம்பு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழ் எனில் ஏற்றம் போதவில்லை, பட்டை தளர்ந்திருக்கலாம். 15க்கு மேல் எனில் பேட்டரி கொதித்து நீரை இழக்கும்.

கடைசியாக, குழாய். எல்லாவற்றையும் அணைத்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் அம்மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். புதிய கார்களில் கணிப்பொறிகள் உறங்க அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், காத்திருங்கள். பின்னரும் மின்னோட்டம் மிகுதியாக இருந்தால் ஃபியூசுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டெனக் குறைகிறதோ, கசிவு அந்தச் சுற்றில்தான். அம்மீட்டர் இணைத்திருக்கும்போது எஞ்சினைக் கிளப்பக் கூடாது.

பேட்டரியின் அருகே தீக்குச்சி கிழிக்காதீர்கள். ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவருகிறது. அமிலம் கண்ணில் தெறிக்காமல் காத்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவை நிரப்பக் காய்ச்சி வடித்த நீரே போதும். அமிலம் ஊற்ற வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகளுக்கு அரைநாள் போதும். அதற்குச் சோம்பி நல்ல பேட்டரியைத் தள்ளிவிட்டால் பணம் மட்டுமா வீணாகிறது? பழைய பேட்டரிகளைக் கண்ட இடத்தில் உடைத்துக் காரீயத்தை உருக்கும்போது அந்த நஞ்சு மண்ணிலும் காற்றிலும் கலந்து குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது. உண்மையாகவே ஆயுள் முடிந்த பேட்டரியை, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் கடையில்தான் கொடுக்க வேண்டும். ஆயுள் முடியவில்லை என்று வோல்ட்மீட்டர் சொன்னால், அது காருக்குள்ளேயே இருக்கட்டும்; பழுதை வேறிடத்தில் தேடுவோம்.