மின்மாற்றி தூரத்தை வென்ற கதை

தெருமுனையில் உறுமிக்கொண்டே நிற்கும் மின்மாற்றியை (டிரான்ஸ்ஃபார்மர்) நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது எதற்காகப் பிறந்தது என்று பார்ப்போமா?

1882-ல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம் தொடங்கினார். அது தந்தது சுமார் 110 வோல்ட் நேர்திசை மின்சாரம். ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பால் அதைக் கொண்டு செல்வது கட்டுப்படியாகவில்லை. அருகில் இருப்பவர்களுக்கு மட்டுமே வெளிச்சம்!

காரணம் என்ன? கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். 10,000 வாட் திறனை 100 வோல்ட்டில் அனுப்ப 100 ஆம்பியர் வேண்டும். 10,000 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர் போதும். அதே கம்பியில் இழப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் 10,000 வோல்ட்டை வீட்டுக்குள் விட முடியுமா? ஏற்றி அனுப்பவும், இறக்கித் தரவும் ஒரு கருவி தேவைப்பட்டது.

அதற்கான விதையை ஃபாரடே 1831-லேயே போட்டிருந்தார். இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டம் மாறும்போது மற்றதில் மின்சாரம் தூண்டப்பட்டது. அதனால்தான் மின்மாற்றிக்கு மாறுதிசை மின்சாரம் தேவை. துணைச் சுருளில் சுற்றுகள் அதிகமானால் மின்னழுத்தம் உயரும். அதே விகிதத்தில் மின்னோட்டம் குறையும். ஆற்றல் அழிவின்மை விதியை மீறி எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

பிரான்சின் லூசியன் கோலார், இங்கிலாந்தின் ஜான் கிப்ஸ் இருவரும் 1884-ல் இத்தாலியின் டூரின் நகரில் தங்கள் கருவியைக் காட்டினர். அதில் ஒரு குறை இருந்தது. கருவிகளைத் தொடரிணைப்பில் இணைத்ததால் ஓரிடத்தில் விளக்கை அணைத்தால் மற்ற இடங்களும் பாதிக்கப்பட்டன. 1885-ல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர்கள் சிபெர்னோவ்ஸ்கி, பிளாதி, டேரி ஆகிய மூவரும் மூடிய இரும்பு உள்ளகமும் பக்க இணைப்பும் கொண்டு இதைத் தீர்த்தனர்.

1891-ல் ஜெர்மனியின் லாஃபனில் ஆற்று நீரால் உண்டான மின்சாரம், சுமார் 15,000 வோல்ட்டில் 175 கி.மீ. தள்ளியிருந்த ஃபிராங்க்ஃபர்ட்டை அடைந்தது. அனுப்பியதில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது. இன்றைய பெரிய மின்மாற்றிகளின் பயனுறுதிறன் 99 சதவீதத்தைத் தாண்டுகிறது.

கோலார் அதைப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் காப்புரிமையை இழந்த அவர், 1888-ல் பாரிஸ் மனநல மருத்துவமனையில் இறந்துபோனார். தூரத்து ஊர்களுக்கும் வெளிச்சம் போக வழிகாட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறக்கக் கூடாது.