வெற்றிலைப் பையும் மூளையின் வாயில்களும்

பதுளை, பசறைப் பகுதித் தோட்டங்களில் காலைப் பிரட்டுக்கு வரும் பெண்களுட் பலர், கொழுந்துக் கூடைக்கு அடுத்தபடியாக மறவாது எடுத்து வருவது வெற்றிலைப் பையாகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அவற்றோடு ஒரு துண்டுப் புகையிலை. பசியும் குளிரும் தெரியாதிருக்கும் என்பர். அஃது எவ்வாறு நிகழ்கிறது என ஆராயப் புகுந்தோரின் வரலாறு நேயர்கள் அறியத் தக்கது.

புகையிலை அமெரிக்க மண்ணுக்குரியது. 1560ஆம் ஆண்டளவில் அதனைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிய தூதர் ழான் நிக்கோவின் பெயரால் நிக்கொட்டின் என வழங்கும் அதன் நஞ்சை, 1828இல் ஜெர்மனியில் பொசெல்ட், ரைமான் என்போர் பிரித்தெடுத்தனர். இலங்கை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதும், அவற்றில் உழைக்க நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கால்நடையாய் வரத் தலைப்பட்டதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான்.

1905இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் லாங்லி கோழியின் தசையில் நிக்கொட்டினை இட்டார், தசை சுருங்கிற்று. நரம்பை முன்னரே அறுத்து, அது நலிந்தொழிந்த பின்னர் இட்டார்; அப்போதும் சுருங்கிற்று. ஆகவே நஞ்சு தாக்குவது நரம்பையன்று, தசையணுவிலுள்ள ஏதோவொரு 'ஏற்புப் பொருளை' என்று முடிவு கட்டினார். எத்துணை எளிய சோதனை! ஆயினும் அறிஞர் பலர் நெடுங்காலம் அதனை ஐயுற்றே நோக்கினர். 1970இல்தான் பாரிஸில் ஷாஞ்சே குழுவினர், தைவானின் லீ என்பாருடன் சேர்ந்து, கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் நஞ்சைத் துணைக்கொண்டு, மின்விலாங்கின் உடலிலிருந்து அப்பொருளை இனங்கண்டனர். அசற்றைல்கோலின் என்னும் உடற்பொருள் திறப்பதற்கென அமைந்த வாயில் அது. நிக்கொட்டின் அதற்குக் கள்ளச் சாவி.

இவ்வாயில்கள் மூளையிலும் உள்ளன. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே சிசுவின் மூளையில் அவை தோன்றிவிடுகின்றன. அங்கே அவற்றின் பணி செய்தி கடத்துவது மட்டுமன்று. அணுக்கள் எப்போது பெருகுவதை நிறுத்தி முதிர வேண்டும், எவை பிழைக்க வேண்டும் என்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. கள்ளச் சாவி காலமல்லாக் காலத்தில் நுழைந்தால் அவ்வொழுங்கு குலையும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஸ்லொட்கின் எலிகளில் இதனைக் காட்டினார்: சூலுற்றபோது நிக்கொட்டின் செலுத்தப்பட்ட எலிகளின் குட்டிகளுக்கு மூளையணுக்கள் குறைந்தன.

இதற்கு மாறான செய்தியொன்றும் உண்டு. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்பணுக்களை அதே நிக்கொட்டின் அழிவினின்று காத்ததென 1990களில் ஜப்பானிய அறிஞர் கண்டனர். புகையிலைக்கு வக்காலத்து வாங்குவோர் இதனை விரும்பி எடுத்துக்காட்டுவர். கண்ணாடித் தட்டு வேறு, கருப்பை வேறு.

2006ஆம் ஆண்டின் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடுத்தது. 2016இல் புகையற்ற புகையிலைப் பொருள்களுக்கும் தடை வந்தது. வாய்ப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை லயங்களை ஓரளவு எட்டியுள்ளது. கருவைப் பற்றியது போதிய அளவு எட்டவில்லை என்பதே என் கருத்து. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு, நிக்கொட்டினை வாயின் மென்தோல் வழியே விரைந்து குருதியில் சேர்க்கிறது. அங்கிருந்து அது நச்சுக்கொடியைக் கடந்து, தாயின் குருதியில் உள்ளதினும் சற்று மிகுந்த செறிவிலேயே சிசுவை அடைகிறது.